வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு தடைபடாமல், தரம் குறையாமல் ஓட: புதியவர்களுக்கான செய்முறை

பாட்டு நின்று நின்று வருகிறது என்றதும் பலர் முதலில் செய்வது, இணைய பிளானை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு ஏற்றுவதுதான். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகும், பாட்டு அப்படியேதான் நிற்கும். காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

குறுந்தகட்டில் (சிடி) நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள். ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். அதைவிட உயர்ந்த 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கும் சுருக்காமலேயே 9.2 மெகாபிட்தான் ஆகிறது. ஃப்ளாக் வடிவில் தரம் இழக்காமல் சுருக்கினால் இன்னும் குறையும். ஆக, 40 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 40 மெகாபிட், பிளானே தாராளம். நமக்கு வேண்டியது வேகம் இல்லை, சீரான வரத்து. அரை நிமிடம் கொட்டிவிட்டு ஐந்து நொடி நின்றுபோகும் இணைப்பில் எந்தப் பிளானும் உதவாது.

இங்கே நாம் அமைக்கப்போவது இதுதான்: ஹாலில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. அதன் பக்கத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவு கணினி (இனி ‘பை’), அதில் ஒரு யூஎஸ்பி டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் கருவி. பாட்டை பையே நேரடியாக எடுத்து இசைக்கும். கையில் இருக்கும் ஃபோன் வெறும் ரிமோட். ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பினால் பாட்டு வழியில் இன்னொரு முறை, தரம் குறையும்படி சுருக்கப்படுகிறது. ப்ளூடூத்தில் நல்ல பெயர் எடுத்த எல்டேக் முறையே அதிகபட்சம் 990 கிலோபிட்தான், குறுந்தகட்டின் 1,411ஐ எட்டாது. போதாததற்கு அழைப்பு வந்தால் பாட்டும் நிற்கும்.

படி 1: வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்

ஃபைபர் இணைப்போடு ஒரு பெட்டி தருகிறார்கள். அதன் வைஃபை பின் அறைக்கு எட்டவில்லை என்று நாமும் தனியாக ஒரு ரூட்டர் வாங்கிச் செருகுகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக முகவரி கொடுக்கும். ஃபோனுக்கு 192.168.0 வரிசையில் ஒன்று, பைக்கு 192.168.1 வரிசையில் ஒன்று. இரண்டிலும் இணையம் நன்றாகவே வரும். ஆனால் ஃபோனில் உள்ள ஆப் எவ்வளவு தேடினாலும் பிளேயரை, அதாவது பையை, காட்டாது.

இரண்டாவது ரூட்டரின் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ என்று இருக்கும். அதற்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் முகவரி கொடுக்கும் வேலை முதல் பெட்டிக்கு மட்டும். விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ வைஃபையில் ஃபோனை வைத்துக்கொண்டு தேடினாலும் பிளேயர் தெரியாது. அதில் ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வசதியே.

படி 2: இடம் மாறாத கருவிக்குக் கேபிள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பீக்கர் நாளைக்கு வேறு அறைக்கு ஓடப்போவதில்லை. அதனால் ரூட்டரிலிருந்து பைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட் 5இ போதும். 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் தாங்கும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் கேட் 6 வாங்குங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிக மலிவான சுருள்களில் உள்ளே செம்பு இருக்காது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். உறையில் ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருந்தால் அதுதான். சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், நாலு முறை வளைத்தால் ஒடியும். சுத்தச் செம்பு கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் இருக்கும் கரண்ட் பைப்பிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்பார். ஒத்துக்கொள்ள வேண்டாம். பாதுகாப்புக்காகவே அது தனிப் பைப்பில் போக வேண்டும். பைப் இல்லாவிட்டால் சுவரோரமாக கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம்.

இசைக்கென்றே பல ஆயிரம் ரூபாய்க்கு லேன் கேபிள்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். கேபிளில் போவது பாக்கெட் பாக்கெட்டாகத் தரவு. கெட்டுப்போன பாக்கெட்டைக் கண்டுபிடித்து மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு நெட்வொர்க்கிலேயே உண்டு. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால்

வாடகை வீட்டில் சுவரைத் தொட முடியாமல் போகலாம். அப்போது பையை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்கள், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும் என்பதால் ரூட்டரையும் பையையும் முடிந்தவரை ஒரே அறைக்குள் அல்லது ஒரு சுவர் இடைவெளியில் வையுங்கள். 2.4ஐத்தான் பயன்படுத்த முடியும் என்றால் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதில் வையுங்கள்.

பையின் வைஃபை ஆன்டெனா போர்டிலேயே இருக்கிறது. அழகான அலுமினியப் பெட்டிக்குள் அடைத்தால் சிக்னல் குறையும். பிளாஸ்டிக் பெட்டி நல்லது. நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலும் கூடும்.

படி 3: வால்யூமியோ போடுவது

வால்யூமியோ, இசைக்கென்றே உருவாக்கிய மென்பொருள். இலவசப் பதிப்பே போதும். அதன் தளத்திலிருந்து பைக்கான கோப்பை இறக்கி, ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருள் வழியாக மெமரி கார்டில் எழுதுங்கள். கார்டைப் பையில் செருகி, லேன் கேபிளையும் டிஏசியையும் மாட்டி, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரில் இயக்குங்கள். பழைய ஃபோன் சார்ஜர் வேண்டாம். முதல் முறை எழுந்துவரச் சில நிமிடங்கள் ஆகும். பிறகு ஃபோன் பிரவுசரில் வால்யூமியோ, புள்ளி, லோக்கல் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

ஒலி வெளியீட்டில் உங்கள் யூஎஸ்பி டிஏசியைத் தேர்ந்தெடுங்கள். மறுமாதிரியாக்கம், அதாவது ரீசாம்ப்ளிங், அணைந்திருக்க வேண்டும். ‘மிக்சர்’ என்ற இடத்தில் ‘நன்’ வைத்தால் பாட்டு ஒரு பிட்டும் மாறாமல் டிஏசிக்குப் போகும். ஆனால் எச்சரிக்கை: அப்போது ஒலி முழு அளவில் வரும். ஆம்ப்ளிஃபயர் குமிழை அடிமட்டத்தில் வைத்துவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொட வேண்டும்.

உங்கள் டிஏசியில் எண் காட்டும் திரை இருந்தால் ஒரு குறுந்தகட்டுப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். 44.1 என்று காட்டினால் சரி. 48 என்று வந்தால் நடுவில் ஏதோ ஒன்று பாட்டை மாற்றுகிறது, செட்டிங்ஸுக்குத் திரும்புங்கள்.

படி 4: பாட்டுகள்

சொந்தக் குறுந்தகடுகளை விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் வழியாக ஃப்ளாக்காக எடுத்து, ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கில் போட்டு, அதைப் பையில் செருகினால் தீர்ந்தது. பையின் யூஎஸ்பி போர்ட்கள் நாலும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், இரண்டாவது டிஸ்க் வேண்டுமானால் தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்க வேண்டும்.

கச்சேரிப் பதிவு வைத்திருப்பவர்கள் ‘கேப்லெஸ்’, அதாவது டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதியை அவசியம் சோதியுங்கள். ராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருக்கும். தம்புரா மட்டும் நிற்காமல் ஓடும். பிளேயர் டிராக் மாறும்போது அரை நொடி விட்டால் அந்த ஸ்ருதி அறுந்துபோவது பளிச்சென்று கேட்கும். பையிலேயே டிஸ்க் இருந்தால் இந்தத் தொல்லை வராது. வீட்டு நெட்வொர்க்கில் பாட்டைப் பகிரும் டிஎல்என்ஏ முறை வழியாக வேறு கருவிக்கு அனுப்பும்போதுதான் அடிக்கடி வரும்.

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் தரம் இழக்காத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் செட்டிங்ஸில் நாமேதான் ‘லாஸ்லெஸ்’ஸை இயக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தரம் கேட்க, பாட்டைப் போடும் ஐஃபோனிலேயே டிஏசியைக் கம்பி வழியாக மாட்ட வேண்டும்.

படி 5: முகவரியை நிலையாக்குவது, கரண்ட்டைக் கவனிப்பது

ரூட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதிக்குப் போய், பைக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி செய்துவிடுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு பிளேயரைக் காணோம் என்று தேடும் வேலை மிச்சம். ஃபைபர் பெட்டிக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் வாங்குவதும் நல்லது. வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று படித்துப் பாருங்கள். பையைச் சுவிட்சில் படாரென்று அணைக்காமல், மெனுவில் ஷட் டவுன் கொடுத்து நிறுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டு கெட்டுவிடலாம்.

இன்னும் விட்டு விட்டு வந்தால்

முதலில் ஹார்ட் டிஸ்கில் உள்ள பாட்டைப் போடுங்கள். அது சீராக ஓடி, இணையப் பாட்டு மட்டும் நின்றால் கோளாறு வெளி இணைப்பில். இணைய நிறுவனத்தைக் கூப்பிடலாம். டிஸ்க் பாட்டே நின்றால் அடாப்டரையும் டிஏசியின் யூஎஸ்பி கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வைஃபையில் இருப்பவர்கள், அதே இடத்தில் வைத்த லேப்டாப்பிலிருந்து ரூட்டரின் முகவரிக்குப் பிங், அதாவது பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளையை, ஓடவிட்டு இரண்டு நிமிடம் கவனியுங்கள். 2, 3 மில்லிநொடி என்று வந்துகொண்டே இருந்து திடீரென 400 ஆனால், அல்லது ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால், ரூட்டரை இரண்டடி நகர்த்தி, சேனலை மாற்றி, மறுபடி ஓடவிடுங்கள்.