எந்த வெள்ளை அணு முதலில் விழுகிறது? செல் வாரியாகச் சோதிக்கும் முறை

கீமோதெரபி எடுத்தால் வெள்ளை அணு குறையும் என்று மருத்துவர் சொல்வதை நம் குடும்பங்களில் பலர் கேட்டிருப்போம். எந்த வெள்ளை அணு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களில் புதிதாக நுழையும் மாணவர்களுக்காக, மூளைக் கட்டிக்குத் தரப்படும் டெமோசோலோமைடு மருந்தை வைத்து விடை தேடும் வழியை எழுதுகிறேன்.

முதல் படி, அனுமதி. மனித ரத்தத்தைத் தொடுமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கொடையாளரின் சம்மதமும் வேண்டும். 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். கொடையாளர் தமிழ் மூத்தவர் என்றால் அவருக்குத் தமிழிலேயே விளக்குங்கள். அது நம் கடமை.

இரண்டாம் படி, பிரித்தல். ரத்தத்துடன் அதே அளவு உப்புக் கரைசலைக் கலந்து, செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும் ஃபைகால் திரவத்தின்மேல் (அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.077 கிராம்) குழாயின் சுவரைத் தொட்டபடி மெல்ல வழியவிடுங்கள். இரண்டும் கலந்தால் பிரிப்பு கெட்டுவிடும். மையவிலக்கியில் 400 ஜி விசையில் 30 நிமிடம் சுழற்றுங்கள். பிரேக்கை அணைத்து வைப்பது முக்கியம். நடுவே புகைபோல ஒரு மெல்லிய வெண்வளையம் தெரியும். அதை மட்டும் உறிஞ்சி எடுத்துக் கழுவுங்கள். நம்மூர் வெக்கையில் ஃபைகாலின் அடர்த்தி மாறும் என்பதால் குளிரூட்டிய அறையிலேயே செய்யுங்கள்.

அந்த வளையத்தில் மோனோசைட்டு, டி செல் எனப் பலவகை வெள்ளை அணுக்கள் கலந்திருக்கும். செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காந்தமணிகள் கொண்டு, சிடி14 என்ற புரதம் உள்ள மோனோசைட்டுகளையும் சிடி3 உள்ள டி செல்களையும் தனித்தனியே எடுங்கள்.

மூன்றாம் படி, மருந்து. டெமோசோலோமைடு டிஎன்ஏவைத் தாக்கும் பொருள். கையுறையும் பாதுகாப்புப் பெட்டியும் கட்டாயம். உடலின் காரத்தன்மையில் அதன் அரைவாழ்வு சுமார் 1.8 மணி நேரம். அது சிதைந்த பிறகே வினைபுரியும் என்பதால், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். இருவகைச் செல்களிலும் மருந்தைச் சேருங்கள்; ஒப்பிட, கரைப்பான் மட்டும் சேர்த்த ஒரு குழாயும் இருக்கட்டும். பல நேரப்புள்ளிகளில் மாதிரி எடுங்கள்.

நான்காம் படி, காமெட் சோதனை. டிஎன்ஏ முறிந்த செல் இதில் வால்நட்சத்திரம் போல வால் காட்டும். முதலில் செத்த செல்களின் விகிதத்தைச் சாயமிட்டுப் பாருங்கள். அவையும் வால் காட்டி ஏமாற்றும். பிறகு செல்களை 37 டிகிரி அகரோஸ் கூழில் கலந்து கண்ணாடித் தகட்டில் பரப்பி, குளிரில் வைத்துச் செல்லின் சவ்வைக் கரைத்து, பிஹெச் 13க்கு மேலுள்ள காரக் கரைசலில் மின்னோட்டம் செலுத்துங்கள். மங்கிய வெளிச்சமே போதும். முறிந்த டிஎன்ஏ வாலாக நீளும்; ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது 50 செல்களையாவது அளவிடுங்கள்.

இனி வாலை வாசிப்போம். நேரம் ஆக ஆக டி செல்லின் வால் சுருங்கும், மோனோசைட்டின் வால் சுருங்காது. மருந்து ஒட்டிவிட்ட மெத்தில் குழுவைக் கண்டு, பழுதான பகுதியை வெட்டும் நொதிகள் மோனோசைட்டிலும் உண்டு. ஆனால் வெட்டிய இடத்தைச் சீர்செய்து ஒட்டும் பார்ப்-1, எக்ஸ்ஆர்சிசி1, லிகேஸ் 3 ஆகிய புரதங்கள் அதில் இல்லை. சாலையைத் தோண்டியவர்கள் மூடாமலே போனது போல் முறிவுகள் அப்படியே கிடந்து செல்லைக் கொல்கின்றன.

ஆனால் டி செல் தப்பித்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது ஓய்விலிருக்கும் டி செல். அதைத் தூண்டிப் பெருகவிட்டால், டிஎன்ஏ நகலெடுக்கும்போது, அதன் எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒட்டிய மெத்தில் குழு வேலையைக் காட்டும். நாள்கள் கழித்துச் சாவு தொடங்கும். அதனால் தூண்டிய டி செல்லையும் ஒரு வரிசையாகச் சேருங்கள்.

கைவசம் மோனோசைட் மீதியிருந்தால், ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சேர்த்துச் சில நாள்கள் வளர்த்து, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லாக மாற்றி, இதே சோதனையைச் செய்யுங்கள். அந்த மூன்று புரதங்களும் அதில் திரும்பி வந்திருக்கும். இந்த முறை வால் சுருங்கும்.