டிரெய்லர் கூரை சோலாருக்கு ஒரு சுவிட்ச்

அன்றைக்குப் பழைய பேட்டரியை மாற்றலாம் என்று, பயணத்தில் தங்கிக்கொள்ளும் என் டிரெய்லரைத் திறந்தேன். உச்சி வெயில். ஸ்பேனரை வைத்து நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பேனல் தரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரின் திரை ஒருமுறை மின்னி அணைந்தது. புது பேட்டரியை மாட்டிய பிறகும் அது எழுந்திருக்கவில்லை. கூரையில் இரண்டு பேனல்களும் முழு வேகத்தில் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், அதை வாங்கிக்கொள்ள வேண்டிய பேட்டரியை நான் பிரித்துவிட்டேன். எல்லா கன்ட்ரோலரும் இப்படிப் போய்விடாது. ஆனாலும் முதலில் பேனலைத் துண்டிக்க வேண்டும், அப்புறம்தான் பேட்டரியை. திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல்.

பேனலைத் துண்டிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. வெளிச்சம் படும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மின்சாரம் ஓடும்போது அதைப் பிரித்தால் உள்ளே தீப்பொறி இழுத்து முனை கருகிவிடும். அதனால் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. பேட்டரியிலோ கன்ட்ரோலரிலோ குளிருக்கான தடுப்பு இல்லையென்றால் இந்த சுவிட்ச்தான் காவல்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: அது பேனல் தரும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். திசை மாறி மாறி ஓடும் வீட்டு ஏசி மின்சாரம் ஒரு நொடியில் 100 முறையோ 120 முறையோ பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் தானே செத்துவிடும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. பொறி விடாமல் இழுத்து பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் பிரேக்கரை இங்கே மாட்டவே மாட்டாதீர்கள்.

நான் போட்டது இரட்டை முனை டிசி பிரேக்கர். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் ஒரே தட்டில் துண்டிக்கும். டிசி பிரேக்கர்களில் சில துருவம் பார்ப்பவை, பாசிட்டிவ் நெகட்டிவை அதில் குறித்தபடியே மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் மின்சாரம் ஓடும், ஆனால் துண்டிக்கும்போது பொறியை அணைக்க முடியாமல் எரிந்துபோகலாம். துருவம் பார்க்காத வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

அளவுக்கு வருவோம். என்னுடையவை 100 வாட் பேனல்கள் இரண்டு, வரிசையில், அதாவது ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு இணைத்தவை. ஒவ்வொன்றின் பின்புறமும் ஒட்டியிருக்கும் தாளில் திறந்த நிலை வோல்ட் (எதிலும் இணைக்காதபோது வருவது) 22, ஷார்ட் ஆம்ப் (இரண்டு முனையையும் நேராகச் சேர்த்தால் ஓடுவது) 6 என்று இருந்தது. வரிசையில் இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்ப் அப்படியே இருக்கும். ஆக 44 வோல்ட், 6 ஆம்ப். கடுங்குளிரில் வோல்ட் இன்னும் ஏறும் என்பதால் 50 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாகப் பார்த்தேன். பாதுகாப்புக்காகக் கூடுதல் இடம் விட்டு ஆம்ப்பை 1.56-ஆல் பெருக்கினால் 9.4 வருகிறது, அதனால் 10 ஆம்ப் பிரேக்கர். இணையாக, அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் என்று இணைத்திருந்தால் 22 வோல்ட், 12 ஆம்ப் என்று கணக்கு மாறும். அப்போது 20 ஆம்ப் வேண்டும்.

இந்த பிரேக்கர் ஷார்ட் ஆனால் தானாக விழும் என்று நம்பியிருக்காதீர்கள். பேனல் எவ்வளவு முயன்றாலும் 6 ஆம்ப்புக்கு மேல் பெரிதாகத் தராது, 10 ஆம்ப் பிரேக்கர் எதற்கு விழப்போகிறது? இங்கே அது கையால் போடும் சுவிட்ச் மட்டும்தான். பேட்டரியின் பக்கத்தில் இருக்க வேண்டிய பியூஸ் வேறு விஷயம், அது கட்டாயம் தனியாக இருக்கட்டும்.

இடத்தை கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் பெட்டிக்குள்ளும் கேஸ் சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குள்ளும் வேண்டாம், அங்கே ஒரு பொறி போதும். டிரெய்லர் சுவர்ப்பலகை மெல்லியது, என்னுடையதில் 3 மில்லிமீட்டர்தான். அதில் போட்ட ஸ்க்ரூ நாலு மைல் ஓடினால் ஆட ஆரம்பித்துவிடும். நான் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேல் பிரேக்கர் பெட்டியை மாட்டினேன்.

வேலையை இருட்டிய பிறகோ, பேனலைத் தடித்த கம்பளியால் மூடிவிட்டோ தொடங்குங்கள். மூடிய பிறகும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், ஓரத்தில் கசியும் வெளிச்சம்கூட வோல்ட் காட்டும். கன்ட்ரோலரிலிருந்து பேனல் ஒயர்களை முதலில் கழற்றி, முனைகளில் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டு, பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள்.

ஒயரை வெட்டும்போது ஒன்று ஒன்றாக வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டர் வாயில் வைத்தால் அந்தக் கட்டரே இரண்டையும் ஷார்ட் ஆக்கிவிடும். நான் 6 சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர் போட்டிருக்கிறேன். முனையில் 10 மில்லிமீட்டர் உறையை உரித்து, இழைகளை விரலால் லேசாக முறுக்கி, ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயைச் செருகிக் கிரிம்ப் செய்தேன், அதாவது கருவியால் நசுக்கி இறுக்கினேன். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள், ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும். இறுக்கியதும் ஒயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். என் முதல் முனை அப்படி இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தேன்.

பேனல் ஒயர்கள் மேலே, கன்ட்ரோலர் ஒயர்கள் கீழே. சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். பேட்டரியை மாட்டி, கம்பளியை எடுத்துவிட்டு மீட்டரை வையுங்கள். மேல் முனைகளில் எனக்கு 41 வோல்ட் வந்தது, கீழே பூஜ்யம். மேலே கழித்தல் குறி வந்தால் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கிறது, சரி செய்யாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். எல்லாம் சரி என்றால் போடுங்கள், கன்ட்ரோலர் சார்ஜ் காட்டும்.

முதல் பயணம் முடிந்து வந்ததும் சுவிட்சை அணைத்து, பேனலை மூடி, எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு நாலில் ஒன்று கால் திருப்பு தளர்ந்திருந்தது. பெட்டி மூடியில் பெரிய எழுத்தில் "சோலார் – முதலில் இதை அணை" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். என் மச்சான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனபோது, என்னைக் கூப்பிடாமலே பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தார்.