நெட்வொர்க் கார்டின் பிசிஐஇ லிங்க் அகலத்தையும் வேகத்தையும் டிரைவரில் அறிவிப்பது எப்படி

100 ஜிகாபிட் கார்டு போட்டும் 60ஐத் தாண்டவில்லை என்று புகார் வந்தால், டிரைவரைக் குடைவதற்கு முன் கார்டு செருகியிருக்கும் பிசிஐஇ (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பாதை) ஸ்லாட்டைப் பாருங்கள். வெளியே ×16 நீளம் இருந்தாலும் உள்ளே 8 லேன் (டேட்டா ஓடும் தனித்தடம்), 4 லேன் மட்டும் இணைத்த மதர்போர்டுகள் ஏராளம். டிரைவர் ஏறும்போதே கெர்னல் லாகில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அதற்கு லினக்ஸ் 4.17 முதல் (2018) தயாராக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது: பிசிஐஇ_பிரிண்ட்_லிங்க்_ஸ்டேட்டஸ். புரோபின் (சாதனம் கண்டதும் கெர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) கடைசிப் பகுதியில், பிசிஐ_டெவ் பாயின்டரைக் கொடுத்து ஒருமுறை அழைத்தால் போதும். ரீசெட் ஆகும் பாதையில் வைக்காதீர்கள், லாக் குப்பையாகும். கிடைக்கும் பேண்ட்வித் எவ்வளவு என்று அதுவே எழுதிவிடும்; அது கார்டின் உச்சத்தைவிடக் குறைவாக இருந்தால், எந்த முகவரியிலுள்ள லிங்க் அதைக் கட்டுப்படுத்துகிறது, கார்டால் முடிந்த உச்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லும். லாகில் எழுதாமல் எண் மட்டும் வேண்டுமென்றால் பிசிஐஇ_பேண்ட்வித்_அவைலபிள்; அது மெகாபிட்டில் திருப்பித் தரும்.

கார்டின் லிங்க் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை மட்டும் நாமே படித்துச் சொன்னால் என்ன என்று தோன்றும். படிப்பது சுலபம்தான்: கீழ் 4 பிட் வேகக் குறியீடு (1 என்றால் 2.5 ஜிடி, அதாவது ஒரு லேனில் நொடிக்கு 2.5 ஜிகா டிரான்ஸ்ஃபர்; 2 என்றால் 5, 3 என்றால் 8, 4 என்றால் 16), அடுத்த 6 பிட் அகலம். ஆனால் அது கார்டுக்கும் அதற்கு நேர் மேலே இருக்கும் போர்ட்டுக்கும் இடையிலான லிங்க்கை மட்டுமே சொல்லும். நான்கு போர்ட் கார்டுகள் சிலவற்றில் கார்டுக்குள்ளேயே ஒரு ஸ்விட்ச் சிப் இருக்கும். அங்கே நெட்வொர்க் சிப்பின் ரெஜிஸ்டர் முழு அகலம் காட்டும், நெருக்கடியோ ஸ்லாட்டில் இருக்கும்.

சரி, வழி முழுக்க ஏறிப் பார்ப்போம் என்று குறைந்த வேகத்தைத் தனியாகவும் குறைந்த அகலத்தைத் தனியாகவும் எடுத்தால் கணக்கு கெட்டது. பழைய முறை இந்தத் தவறைத்தான் செய்தது. கார்டிலிருந்து ஸ்விட்சுக்கு 8 ஜிடி ×4, ஸ்விட்சிலிருந்து மேலே 2.5 ஜிடி ×16 என்று வையுங்கள். தனித்தனியாக எடுத்தால் 2.5 ஜிடி ×4, அதாவது 8 ஜிகாபிட். உண்மையில் முதல் லிங்க் 31.504, இரண்டாவது 32. எனவே கிடைப்பது 31.504. ஒவ்வொரு லிங்க்கிலும் வேகத்தை அகலத்தால் பெருக்கிவிட்டு, அதன்பிறகே சிறியதைத் தேட வேண்டும்.

பெருக்குமுன் என்கோடிங்கை (டேட்டாவோடு சேர்த்து அனுப்பும் கூடுதல் பிட்டுகளை) கழிக்க வேண்டும். 2.5, 5 ஜிடியில் 10 பிட்டுக்கு 8தான் டேட்டா. 8 முதல் 32 ஜிடி வரை 130க்கு 128. ஆகவே 5 ஜிடி ×8 என்றால் 32 ஜிகாபிட். 8 ஜிடி ×8 என்றால் 63.008, ×16 என்றால் 126.016. பாக்கெட் தலைப்புகள் இதிலும் கொஞ்சம் தின்னும். அதை இந்த எண்ணில் கழிக்க மாட்டார்கள்.

அழைக்கக் கூடாத இடங்களும் உண்டு. எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டைப் பல கார்டுகளாகக் காட்டும் வசதி) உருவாக்கும் விர்ச்சுவல் ஃபங்ஷனுக்கு லிங்க் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் பொருளற்றது, பூஜ்யம்தான் வரும். ஃபிசிக்கல் ஃபங்ஷனா (உண்மையான கார்டா) என்று பார்த்துவிட்டு அழையுங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க் சாதனங்களுக்கு லிங்க்கே கிடையாது. விர்ச்சுவல் மெஷினுக்குள் "0.000", "×0" என்று லாகில் கண்டால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம்; ஹோஸ்டில் போய்ப் பாருங்கள். நீங்களே நேரடியாகப் படித்து அகலம் 63 என்று வந்தால், எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பியிருக்கிறது: சாதனம் பஸ்சில் பதில் சொல்லவில்லை.

சரிபார்க்க, ரூட்டாக எல்எஸ்பிசிஐ -விவி ஓட்டி லிங்க்கேப் (முடிந்த உச்சம்), லிங்க்ஸ்டா (இப்போதைய நிலை) வரிகளை ஒப்பிடுங்கள். "டவுன்கிரேடட்" என்றிருந்தால் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள், ரைசர் கேபிளைச் சந்தேகியுங்கள், பயாஸில் ஸ்லாட்டை ×8, ×8 ஆகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு போர்ட் கார்டில் இரு ஃபங்ஷனும் தலா 126.016 காட்டினால் கூட்டிவிடாதீர்கள். இரண்டும் ஒரே லிங்க்கைத்தான் பகிர்கின்றன. இரண்டு 100 ஜிகாபிட் போர்ட்டும் ஒருசேர நிரம்ப அது போதாது.