உப்பு கலந்த மாவில் கிறிஸ்துமஸ் அலங்காரங்கள்: விரிசலைத் தடுத்த விதம்

கையில் பணம் குறைவாக இருந்ததால், மரத்தில் தொங்கவிடும் நட்சத்திரங்களையும் மணிகளையும் மைதா மாவு, தூள் உப்பு, தண்ணீர் ஆகியவற்றை மட்டும் கொண்டு செய்தேன். இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பும் ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீரும் என்பது பலரும் பின்பற்றும் அளவு; ஆயினும் ஓவனில் வைத்த வில்லைகள் நடுவில் உப்பி, விளிம்பில் விரிசல் விட்டன. மேற்புறம் விரைவில் காய்ந்து இறுகிவிட, உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி முட்டுவதே இதற்குக் காரணம் என்பதால், தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மாவை இறுக்கமாகப் பிசைந்து, அரை சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் தேய்த்து, சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இடையில் ஒருமுறை திருப்பிப் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் பொறுமையாக உலர்த்தினேன். விரிசல் நின்றது.

நூல் கோக்கும் துளையை மாவு ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் இட்டுவிட வேண்டும். மினுமினுப்புத் தூள் வீண்செலவு என்பது என் எண்ணம். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்ணம் பூசிய பின் இருபுறமும் வார்னிஷ் அடிப்பதில் சிக்கனம் கூடாது. அதிக உப்பு நாய்களுக்கு நஞ்சாகும். வளர்ப்பவர்கள் இவற்றை அவற்றுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும்.