தாபோ மடாலயத்துக்குச் செல்வோர்க்கு: ஸ்பிதியின் மண்கோயிலை முறையாகக் காணும் வழி

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய சமநிலத்தில் அமைந்திருக்கிறது தாபோ மடாலயம். பாறை முகடுகளில் அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் கீ, தன்கர் மடாலயங்களின் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்குத் தாபோ முதற்பார்வையில் ஏமாற்றம் அளிக்கக்கூடும். சன்னல் இல்லாத தடித்த மண்சுவர்கள், தட்டையான கூரைகள், இடையிடையே கரைந்து மழுங்கிய ஸ்தூபிகள் ஆகியவை மட்டுமே வெளியிலிருந்து தெரியும். இங்கே காண வேண்டியவை அனைத்தும் உள்ளே இருளில் இருக்கின்றன. சிம்லாவிலிருந்து பல நாள் பயணம் செய்து வருபவர்களிலும் பெரும்பாலோர் இங்கே ஒரு மணி நேரம் மட்டும் நின்றுவிட்டு, ஸ்பிதியின் தலைமை ஊரான காஜாவுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாமல் ஓர் இரவாவது தங்கி, மூலக்கோயிலுக்குள் மாலையில் ஒருமுறையும் மறுநாள் காலையில் ஒருமுறையும் செல்லும்படி திட்டமிடுங்கள். முதல் தடவை கண் இருளுக்குப் பழகவே நேரம் போய்விடும்; இரண்டாம் தடவைதான் ஓவியங்கள் புலப்படத் தொடங்கும்.

இக்கோயில் கி.பி. 996-இல் கட்டப்பட்டது. மேற்குத் திபெத்தின் குகே அரசை ஆண்டு, பின்னர் துறவு பூண்ட யேஷே-ஓ இதை நிறுவினார் என்றும், 46 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய உடன்பிறந்தார் வழிப் பேரனான ஜாங்சுப்-ஓ இதைப் புதுப்பித்தார் என்றும் உள்ளே இருக்கும் கல்வெட்டு போன்ற எழுத்துப் பதிவு கூறுகிறது. வடமொழிப் பௌத்த நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுவந்த பெரும் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ (958–1055) அதே காலத்தவர்; அவர் காஷ்மீரிலிருந்து கலைஞர்களை அழைத்து வந்தார் என்பது மரபு, அந்தக் கைவண்ணம் தாபோவின் முகங்களிலும் ஆடை வடிவங்களிலும் தெரிகிறது. 1996-இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்டபோது தலாய் லாமா இங்கே காலசக்கரம் என்னும் பௌத்தத் தாந்திரிக தீட்சையை வழங்கினார். அந்த ஆயிரம் ஆண்டுகளாக இது வழிபாட்டிடமாகவே இருந்துவருகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றாலும் அருங்காட்சியகம் என்று எண்ணிக்கொண்டு நுழையக் கூடாது.

வழியும் பருவமும்

தாபோவை அடைய இரண்டு சாலைகள் உள்ளன. மணாலியிலிருந்து சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து காஜா வழியாக வருவது ஒன்று. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் மாவட்டம் வழியாக வருவது மற்றொன்று. மணாலிச் சாலை தூரத்தில் குறைவு, காட்சியில் மிகுதி. ஆனால் ஏறத்தாழ ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், அத்துடன் பயணியை ஒரே நாளில் மிக உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். சமவெளியிலிருந்து, அதிலும் கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள் கின்னௌர் வழியாக ஏறி, திரும்பும்போது வேண்டுமானால் குன்சும் வழியாக மணாலிக்கு இறங்குவதே நல்லது.

கின்னௌர் வழியில் சண்டிகர் அல்லது கால்காவிலிருந்து சிம்லா, அங்கிருந்து ராம்பூர் அல்லது சராஹன், பிறகு ரெகாங் பியோவுக்கு மேலே உள்ள கல்பா என்று படிப்படியாகச் செல்லலாம். சுமார் 2,900 மீட்டர் உயரத்தில், கின்னர் கைலாச மலைத்தொடருக்கு எதிரே இருக்கும் கல்பாவில் இரண்டு இரவுகள் தங்குங்கள். கல்பாவுக்குப் பின் சாலை, ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கும் காப் என்னும் இடத்தில் பிரிந்து, கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி நாகோவைத் தொட்டு, மறுபடி இறங்கிச் சும்தோ வழியாகத் தாபோவை அடைகிறது. நாகோவின் ஏரியும் பழைய கோயில்களும் அழகானவை. ஆனால் அவ்வூர் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், தாபோவைவிட மேலே இருப்பதால், ஏறும்போது அங்கே இரவு தங்காமல், மதிய உணவுக்கு மட்டும் நின்றுவிட்டுத் தாபோவுக்கு வந்துவிடுவது உடலுக்கு உகந்தது. பல பயண நிறுவனங்களின் திட்டங்களில் நாகோ இரவு முதலில் வருகிறது. மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கல்பாவிலிருந்து தாபோவுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். ரெகாங் பியோவிலிருந்து காலையில் காஜாவுக்குப் புறப்படும் இமாச்சல அரசுப் பேருந்தும் தாபோ வழியாகத்தான் செல்கிறது. அதில் இடம் பிடிக்க முதல்நாளே பேருந்து நிலையத்தில் விசாரித்து வைப்பது நல்லது. இந்தியக் குடிமக்களுக்கு இந்தச் சாலையில் தனி அனுமதி தேவையில்லை, அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டில் வரும் தமிழர்கள் எல்லையோரப் பகுதிக்குள் செல்ல வெளிநாட்டவருக்கான உள்கோட்டு அனுமதியைச் (Inner Line Permit) சிம்லாவிலோ ரெகாங் பியோவிலோ பெற்றாக வேண்டும். சும்தோவில் சோதனை உண்டு.

மே மாதப் பிற்பகுதியும் ஜூனும், பிறகு செப்டம்பரும் அக்டோபர் முற்பகுதியும் ஏற்ற காலம். ஸ்பிதி மழைமறைவுப் பகுதியாதலால் ஜூலை, ஆகஸ்டில் தாபோவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே போகும் கின்னௌர்ச் சாலையில் அப்போதுதான் மலைச்சரிவுகள் நேரும். செப்டம்பரில் சென்றால் தாபோவின் ஆப்பிள் தோட்டங்கள் காய்த்திருக்கும்.

உயரமும் உடலும்

3,000 மீட்டருக்கு மேல் ஏறும்போது, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அடையாளங்கள். இவை இருக்கும்போது மேலே ஏறாமல் அதே இடத்தில் ஓய்வெடுக்க வேண்டும். நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, ஓய்விலும் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் இரவு நேரமானாலும் கீழே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. முன்தடுப்பாகக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரில் மருத்துவரைக் கேட்டு, சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா என்று பார்த்த பின்னரே உட்கொள்ள வேண்டும். இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இப்பயணத்தை மேற்கொள்ளலாகாது.

கோயிலுக்குள் நுழையுமுன்

கைவிளக்கு ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். மூலக்கோயிலுக்குள் கூரையிலுள்ள சிறு திறப்பின் வழியே வரும் ஒளி போதாது. வெப்பம் தராத எல்.இ.டி. விளக்கே தகும், அதையும் ஓவியத்தின் மேல் நீண்ட நேரம் நிறுத்திப் பிடிக்காமல், ஒரு பகுதியைப் பார்த்ததும் நகர்த்திவிட வேண்டும். பழைய கோயில்களுக்குள் ஒளிப்படம் எடுக்க அனுமதி இல்லை. இந்தத் தடை குறித்து வாசலில் வாதம் செய்பவர்களைக் காண வருத்தமாக இருக்கிறது. கைப்பேசியைப் பையில் வைத்த பிறகுதான் பலர் உண்மையில் பார்க்கவே தொடங்குகிறார்கள்.

கோயில் பூட்டியிருந்தால் அலுவலகத்திலோ எதிர்ப்படும் லாமாவிடமோ கேட்டால் சாவி வைத்திருப்பவரை அழைத்துத் தருவார்கள். ‘ஜூலே’ என்று வணங்கி, ‘லாமாஜி’ என்று அழைத்துப் பேசுவது அங்குள்ள மரியாதை. தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். செருப்பையும் தொப்பியையும் வெளியே கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும். தரை சில்லிட்டிருக்கும் என்பதால் தடித்த காலுறை அணிந்துகொள்ளுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் முன்புறமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஓவியங்கள் மண்பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. பை ஒருமுறை உரசினாலே நிறம் உதிர்ந்துவிடும். சுவரில் சாய்வதும் சிலைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் கூடாது. தொட்டு வணங்கிப் பழகிய நமக்கு இது சற்றுக் கடினம். இரு கை கூப்பி நின்றாலே போதும். அமர நேர்ந்தால் பாதம் சிலையையோ லாமாவையோ நோக்கி நீளாமல் சம்மணமிட்டு அமரவும். ஏட்டுச்சுவடிகளைத் தரையில் வைப்பதும் தாண்டிச் செல்வதும் பெருங்குற்றமாகக் கருதப்படும்.

உள்ளே பார்க்கும் வரிசை

மூலக்கோயிலின் வாயில் கிழக்கு நோக்கியது. முன்னறை, பேரவைக் கூடம், கருவறை, கருவறையைச் சுற்றும் பிராகாரம் என நான்கு பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கிச் செல்கின்றன. சுற்றும் திசை நம் கோயில்களில் உள்ளதுபோலவே வலம். நுழைந்ததும் இடப்புறம் திரும்பித் தொடங்க வேண்டும்.

முன்னறையை வழியறை என்று எண்ணிப் பலர் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். கோயில் நிறுவப்பட்ட காலத்தைச் சேர்ந்த மிகப் பழைய ஓவியங்கள் இங்கேதான் எஞ்சியுள்ளன. யேஷே-ஓவும் அவரைச் சூழ்ந்த துறவிகளும் பிரபுக்களும் வரையப்பட்டிருக்கிறார்கள். பேரவைக் கூடத்துக்குள் சென்றதும் முன்னோக்கி நடக்காமல் ஒருமுறை திரும்பி, வந்த வாசலுக்கு மேலே விளக்கை உயர்த்திப் பாருங்கள். அங்கே தன் பரிவாரத்தோடு வீற்றிருக்கும் பெண் தெய்வம் வி-ஞு-மியின், இக்கோயிலின் காவல் தெய்வம். பௌத்தத்துக்கு முன்பே இப்பகுதியில் வழிபடப்பட்டவளாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதும் இவள், நம்மூர் எல்லைத் தெய்வத்தைப் போல வாசலைக் காத்துக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்காதவர்களுக்கு இவள் தென்படுவதே இல்லை.

அடுத்து, விளக்கை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் கூடத்தின் ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள். இருளிலிருந்து முதலில் வெளிப்படுபவர், கூடத்தின் பின்பகுதியில் தாமரைப் பீடத்தில் அமர்ந்திருக்கும் வைரோசனர் என்னும் புத்தர். முதுகோடு முதுகு சேர்ந்து நான்கு திசைகளையும் நோக்கும் நான்கு உருவங்கள் அவர். பிறகு சுவர்கள் முழுவதிலும், தலைக்கு மேலான உயரத்தில், சுவரிலிருந்து வெளியே மிதந்து வருவன போல முப்பதுக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் தெரியும். வைரோசனரை நடுவில் கொண்ட வச்சிரதாது மண்டலத்தின், அதாவது தெய்வங்களை ஒழுங்குபட அமைத்துக் காட்டும் வழிபாட்டு வரைவின், தெய்வங்கள் இவை. துணியில் தட்டையாக வரையப்படும் மண்டலம் இங்கே ஒரு முழு அறையாகக் கட்டப்பட்டிருப்பதால், கூடத்தில் நிற்பவர் அந்த மண்டலத்துக்குள்ளேயே நிற்கிறார். இதை அறிந்துகொண்டு நிற்பவருக்கும் சிலைகளை எண்ணிவிட்டுப் போகிறவருக்கும் கிடைக்கும் அனுபவம் ஒன்றல்ல.

சுதை உருவங்களுக்குக் கீழே, கண்மட்டத்தில், ஓவியக் கதைகள் ஓடுகின்றன. இடப்புறத் தெற்குச் சுவரில் இருப்பது கண்டவியூக சூத்திரம் என்னும் மகாயான பௌத்த நூலின் கதை. மெய்யறிவு தேடும் சுதனன் என்னும் வணிகர் மகன், அறிவின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீயின் சொற்படி புறப்பட்டு, துறவி, அரசன், மருத்துவன், கப்பலோட்டி, கணிகை எனப் பலதரப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களைத் தேடிச் சென்று கற்கிறான். அவன் பயணத்தின் பெரும்பகுதி தென்னகத்தில் நிகழ்கிறது. அந்த ஆசான்களுள் ஒருவரான மேகன், திராவிட நாட்டின் வச்சிரபுரத்தில் வாழ்பவர் என்று சூத்திரம் சொல்கிறது. தமிழர் ஒருவர் தாபோவுக்குச் செல்லுமுன் எதையாவது படித்துவிட்டுப் போகலாமென்றால், இந்தச் சூத்திரத்தின் கதைச் சுருக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் கட்டங்கட்டமாகச் செல்லும் இவ்வோவியங்களில் மாளிகைகளும் உரையாடும் இருவரும் திரும்பத் திரும்ப வருவதால், கதை தெரியாதவருக்கு எல்லாக் கட்டமும் ஒன்றுபோலவே தோன்றும். ஓவியங்களுக்கு இடையில் திபெத்திய எழுத்தில் சூத்திரத்தின் பகுதிகளும் எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

தெற்குச் சுவர் முடிந்ததும் கருவறையைச் சுற்றும் குறுகிய பிராகாரத்துக்குள் செல்ல வேண்டும். அதன் சுவர்களில் இந்தக் கற்பத்தின் (உலக ஊழியின்) ஆயிரம் புத்தர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். இங்கே இடம் மிகக் குறைவு. முன்னே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நகரும்வரை காத்திருங்கள், எதிர்த்திசையில் திரும்பி வராதீர்கள். வெளிவந்ததும் வடக்குச் சுவரில் புத்தரின் வாழ்க்கை வரலாறு தொடங்கும்; இது பெரும்பாலோர்க்குத் தெரிந்த கதையாதலால் துணையின்றியே பின்தொடரலாம்.

மற்றவை

வளாகத்தில் மூலக்கோயிலையும் சேர்த்து ஒன்பது கோயில்கள் உள்ளன. வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் உயரமான சிலை அமர்ந்திருக்கும் கோயிலும், லடாக் மன்னர் செங்கே நம்கியால் புதுப்பித்ததாகச் சொல்லப்படும் பொற்கோயிலும் தவறவிடக் கூடாதவை. காவல் தெய்வங்களுக்குரிய கோன்காங்கில் பொதுவாகப் பிறருக்கு அனுமதி இல்லை, வற்புறுத்த வேண்டாம். ஸ்தூபிகளை வலப்புறமாக வைத்துச் சுற்றுங்கள், அவற்றின்மேல் ஏறாதீர்கள்; மந்திரம் செதுக்கிய கற்களை நினைவுப்பொருளாக எடுத்து வருவது திருட்டுக்குச் சமம். 1975 சனவரியில் கின்னௌரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் தாபோவும் சேதமடைந்தது. அதன் பின் எழுப்பப்பட்ட புதிய கூடத்தில் லாமாக்கள் காலையில் ஓதுவதை அமைதியாக அமர்ந்து கேட்கலாம். ஊருக்கு மேலே சரிவில் தெரியும் குகைகள் ஒருகாலத்தில் துறவிகளின் குளிர்காலத் தங்குமிடங்கள். அங்கே மெதுவாக ஏறுங்கள்.

மடாலயத்தின் விருந்தினர் இல்லத்தில் எளிய அறைகளும் உணவும் கிடைக்கும். ஊரில் வீட்டுத் தங்கல்களும் உண்டு. துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ (ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை), ரொட்டி, பருப்பு ஆகியவை சைவமாகவே கிடைத்தாலும் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது. பணமாகவே எடுத்துச் செல்லுங்கள். காணிக்கையை லாமாவின் கையில் திணிக்காமல் உண்டியலில் இடுங்கள். மண்கூரைகளை ஆண்டுதோறும் செப்பனிடும் செலவு பெரிது, முன்பு அரிதாக இருந்த மழை இப்போது அவற்றை நனைத்து ஓவியங்களில் மண்நீர் வழியச் செய்கிறது. தாபோவிலிருந்து காஜா சுமார் 47 கிலோமீட்டர். வழியில் தன்கருக்குப் பிரிந்து போய்வரலாம். சொந்த வாகனத்தில் செல்பவர்கள் ரெகாங் பியோ அருகிலேயே எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ள வேண்டும், அடுத்த பெட்ரோல் நிலையம் காஜாவில்தான்.