‘டிஃபெர்டு’ என்று வந்தபோது நான் செய்தது

டிசம்பர் நடுவில், விடிகாலை ஐந்தரைக்கு, காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து அமெரிக்கக் கல்லூரியின் முடிவைத் திறந்தேன். ‘டிஃபெர்டு’ என்றிருந்தது. “இல்லைன்னு சொல்லிட்டாங்களா?” என்றார் அப்பச்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். இது நிராகரிப்பு இல்லை, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. என் விண்ணப்பத்தை வழக்கமான சுற்றில் மற்றவர்களோடு வைத்து மறுபடி பார்ப்பார்கள். நான் போட்டது ‘எர்லி டிசிஷன்’ என்ற முன்கூட்டிய விண்ணப்பம். கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும் என்ற கட்டுப்பாடு அதோடு நீங்கிவிட்டது. எனக்குத் தெம்பு தந்தது இந்த ஒரு விஷயம்தான். ஜனவரி 1-க்குள் வேறு நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன்.

அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி அந்த முதல் கல்லூரிக்கு அனுப்பியது. நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது வெறும் கெஞ்சல், கிழித்துவிட்டேன். இன்னமும் அங்கே படிக்க விருப்பம் என்பதையும், விண்ணப்பித்த பிறகு ஆத்தங்குடிப் பட்டறையில், கண்ணாடி மேல் தரைக்கல் வார்ப்பதைக் கற்றதையும் மட்டும் எழுதினேன்.

மார்ச் கடைசியில் அங்கே இடம் இல்லை என்றார்கள். அந்த நான்கில் ஒன்று அழைத்தது. மே 1 கெடுவுக்கு முன்பே அப்பச்சி பணம் கட்டிவிட்டார்.