மணக்குடிச் சிப்பிக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி?

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலோரம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பியின் வயதை அதிலுள்ள கார்பன்-14 சொல்லும். இது மெல்லச் சிதைந்து குறைந்துவரும் கதிரியக்கக் கார்பன். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு. இன்றைய உயிர்களில் உள்ள புதுக் கார்பனிலேயே லட்சம் கோடி அணுவுக்கு ஒன்றுதான் அது. 1 மில்லிகிராம் புதுக் கார்பனை வைத்துக்கொண்டு காத்திருந்தால் சராசரியாக மணிக்கு ஒரு சிதைவுகூட வராது. ஆனால் அதற்குள் சுமார் 6 கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கின்றன! சிதைவுக்குக் காத்திராமல் அந்த அணுக்களையே எண்ணுவதுதான் ஏ.எம்.எஸ். என்னும் முடுக்கி நிறைமாலை முறை.

அதே மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீசும் தோரியம் உண்டே, கணக்கு கெடாதா? கெடாது. இங்கே எண்ணுவது கதிர்வீச்சை அல்ல.

படி 1: மாதிரி
காயல் பாதுகாக்கப்பட்ட பகுதி. வனத்துறை அனுமதி இல்லாமல் தோண்டாதீர்கள். இரு ஓடும் சேர்ந்தே கிடக்கும் சிப்பியைத் தேடுங்கள். அது அலையில் அடித்து வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆழத்தைக் குறித்து, அலுமினியத் தாளில் பொதியுங்கள். பசை, பஞ்சு வேண்டாம். அதே அடுக்கில் கரித்துண்டு கிடைத்தால் கட்டாயம் எடுங்கள்.

படி 2: வேதியியல்
நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மேல்பரப்பைக் கரைத்து நீக்க வேண்டும். மிச்சத்தை வெற்றிடத்தில் பாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். இரும்புத்தூள் உதவியோடு ஹைட்ரஜன் அதைக் கிராஃபைட் ஆக்கும். இது ஆய்வகத்தில் மட்டும் செய்யும் வேலை.

படி 3: எண்ணுதல்
தில்லியில் உள்ள ஐ.யு.ஏ.சி. என்னும் முடுக்கி ஆய்வு மையத்தில் இதற்கான கருவி இருக்கிறது. சீசியம் அயனிகள் கிராஃபைட்டில் மோத, எதிர்மின் கார்பன் அயனிகள் கிளம்பும். கார்பன்-14 போலவே எடையுள்ள நைட்ரஜன்-14 இங்கேயே கழிந்துவிடும்; அதன் எதிர்மின் அயனி நிலைக்காது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்து ஒரு காந்தம் நிறை 14-ஐப் பிரிக்கும். ஆனால் கார்பன்-13 அணுவோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய மூலக்கூறும் அதே நிறையில் கூடவே வரும். லட்சக்கணக்கான வோல்ட்டில் முடுக்கி, மெல்லிய வாயுவுக்குள் செலுத்தினால் எலக்ட்ரான்கள் உரிந்து மூலக்கூறுகள் உடையும். அப்புறம் இன்னொரு காந்தம், மின்புலம், கடைசியில் உணரி. அங்கே கார்பன்-14 ஒவ்வொன்றாக எண்ணப்படும். கார்பன்-12, 13 மின்னோட்டமாக அளக்கப்படும். ஒப்பிடுவதற்கு ஆக்சாலிக் அமிலத் தரமாதிரியையும், கார்பன்-14 தீர்ந்துபோன பழம் பளிங்குக் கல்லையும் கூடவே ஓட்ட வேண்டும்.

படி 4: வயது
சிப்பியின் கார்பன்-14 விகிதம் தரமாதிரியோடு ஒப்பிட்டு 0.60 என்றால், மரபாகப் பயன்படுத்தும் 8033 என்ற எண்ணை 0.60-இன் இயல் மடக்கையால் பெருக்கிக் குறியை மாற்றுங்கள்: சுமார் 4,100 கதிர்கார்பன் ஆண்டு. ஆனால் கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் சிப்பி பல நூறு ஆண்டு அதிகமாகக் காட்டும். பழையாறு என்ற ஆற்றின் நீரும் கலக்கும் காயலில் இந்தத் திருத்தம் இன்னும் சிக்கல். அதனால்தான் கடல் கார்பன் சேராத கரித்துண்டையும் எடுக்கச் சொன்னேன். இரண்டையும் தனித்தனியே அளந்து, கதிர்கார்பன் ஆண்டை நாள்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைவுகளில் சிப்பிக்குக் கடல் வளைவையும் கரிக்கு வளிமண்டல வளைவையும் பயன்படுத்தி ஒப்பிடுங்கள்.